பெயின்ட் மறைக்கும் ஈரம்... போட்டுக் கொடுக்கும் தெர்மல் கேமரா!

வீடு பார்க்கப் போறீங்க. சுவரெல்லாம் பளிச்சுனு இருக்கு, பெயின்ட் வாசனைகூட இன்னும் போகலை. நம்பி அட்வான்ஸ் கொடுத்துடுறீங்க. முதல் மழைக்கே பெட்ரூம் சுவர் ஓதம் காத்து, உப்பு பூத்து, பெயின்ட் உரிய ஆரம்பிக்குது. பெயின்ட் நம்ம கண்ணை ஏமாத்திடும். ஆனா, சுவரோட சூட்டை மறைக்கிறது அவ்வளவு சுலபமில்லை. தெர்மல் கேமரா பிடிக்கிறது அந்தச் சூட்டைத்தான்.

எப்படிக் கண்டுபிடிக்குது?

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏத்த மாதிரி அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடும். கேமரா அதை அளந்து, நிறங்களா மாத்திக் காட்டும். ஈரமான இடத்துல தண்ணீர் ஆவியாகிறதால, சுத்தியிருக்கிற இடத்தைவிட அது குளிர்ச்சியா தெரியும். சிமென்ட் பூச்சு சுவரைவிட்டு விலகியிருந்தா, நடுவுல இருக்கிற காற்று இடைவெளி சூட்டை உள்ளே கடத்தாது. அதனால வெயில் படும்போது அந்த இடம் மட்டும் சீக்கிரம் சூடாகும். வெயில் போனதும் சீக்கிரம் ஆறும். சாரம் கட்டி ஒவ்வோர் இடமா தட்டிப் பார்க்கிற வேலையில பெரும்பகுதி மிச்சம்.

எக்ஸ்ரே இல்லை!

இங்கேதான் பலரும் ஏமாறுறாங்க. இந்த கேமரா சுவரைத் துளைச்சுப் பார்க்காது. மேற்பரப்பின் சூட்டை மட்டும்தான் படிக்கும். தூணுக்குள்ள கம்பி எவ்வளவு துருப்பிடிச்சிருக்கு, கான்கிரீட் எவ்வளவு பாரம் தாங்கும்னு அது சொல்லாது. அதுக்கு ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் போன்ற தனிச் சோதனைகள் வேணும். மழை நாள்ல எடுத்த படமும், கண்ணாடி மாதிரி பளபளப்பான பரப்பும் தப்பான முடிவைக் காட்டலாம்.

கருவியா, கடமையா?

2021 டிசம்பர் 27-ல் சென்னை திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கவனித்த மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அன்னிக்குக் காப்பாத்தினது கேமரா இல்லை, மனுஷக் கண்ணு. ஆனா, ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்துல விரிசல் வந்து எச்சரிக்கும்னு நம்பி இருக்க முடியுமா?

சிங்கப்பூரில் 2022 முதல், 20 வருஷத்தைத் தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரை 7 வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்யணும்னு விதி இருக்கு. கருவி எதுவா இருந்தாலும், அதைக் கையில எடுக்க வைக்கிறது இப்படியொரு கட்டாயம்தான்.

நீங்க என்ன செய்யலாம்?

பழைய ஃப்ளாட் வாங்குறீங்களா? தெர்மல் படத்தோட அதே இடத்தின் சாதாரண போட்டோவையும் கேளுங்க. எந்த நேரத்துல, எந்த வானிலையில எடுத்தாங்கனு கேளுங்க. சந்தேகமான இடத்தைத் தட்டிப் பார்த்தோ, ஈரப்பத மீட்டர் வெச்சோ உறுதிசெய்தாங்களானு கேளுங்க. அப்புறம், உங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல இன்னிக்கே ஒரு கேள்வி போடுங்க: "நம்ம பில்டிங்கை இன்ஜினீயர் கடைசியா எப்போ பார்த்தார்?"