பரு மாத்திரையும் அம்மைத் தடிப்பும்

காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டால், திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் முதலில் எழும் பேச்சு, “அம்மை போட்டிருக்கு” என்பதுதான். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது தள்ளிப்போகும். அம்மையாகவும் இருக்கலாம். ஆனால், முகப்பருவுக்காகச் சில வாரங்களாக மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டுவரும் பெண்ணுக்கு இப்படி வந்தால், அது ‘டிரெஸ்’ எனப்படும் மருந்து ஒவ்வாமையாகவும் இருக்கக்கூடும்.

இது மிக அரிது. ஆனால், வந்தால் தோலோடு நிற்பதில்லை. முகம் வீங்கும், நெறி கட்டும், ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் பெருகும், கல்லீரல் பாதிக்கப்படும், உயிரிழப்பும் உண்டு. பெனிசிலின் ஊசி போட்டதும் உட்காரவைத்துக் கவனிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒவ்வாமை என்றால் உடனே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. டிரெஸ் தலைகாட்டுவதோ பெரும்பாலும் இரண்டு முதல் எட்டு வாரங்கள் கழித்து. அதற்குள், ‘பரு மாத்திரைதானே’ என்று அதை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பருவுக்கு ஆன்டிபயாடிக் தருவதை நான் குறை சொல்லவில்லை. ஆழமான பருக்கள் தழும்பாகாமல் காக்க டாக்ஸிசைக்ளின் உதவுகிறது. இத்தகைய ஒவ்வாமை அதில் இன்னும் குறைவு. என் கவலை, மருந்துக் கடையில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை கொடுக்கும் வழக்கம் பற்றியது. வெட்டிய துண்டில் பல நேரம் பெயரும் இருக்காது, தொகுதி எண்ணும் இருக்காது. “என்ன மாத்திரை சாப்பிட்டே?” என்று டாக்டர் கேட்டால், “மஞ்சள் மாத்திரை” என்பதே பதில். டிரெஸ்ஸுக்கு முதல் சிகிச்சை, காரணமான மருந்தை உடனே நிறுத்துவது. பெயர் தெரியாமல் எதை நிறுத்துவது? அடுத்தமுறை வேறொரு டாக்டர் அதையே எழுதாமல் எப்படித் தடுப்பது? இந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை ஹெச் மருந்துகள். அந்தச் சட்டத்தைக் கடைகளில் கண்டிப்பாக அமல்படுத்த வேண்டும்.

மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்ய 2010-இல் தொடங்கிய தேசியத் திட்டம் நம்மிடம் இருக்கிறது. நோயாளியே தகவல் தரலாம். திண்டுக்கல்லில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, வேடசந்தூர் நூற்பாலை விடுதிகளுக்கும் கல்லூரிகளுக்கும் டிரெஸ் பற்றியும் இந்தத் திட்டம் பற்றியும் செய்தி கொண்டுபோக வேண்டும்.

பரு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையையும் சீட்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்கக் கட்டணமில்லாத எண்: 1800-180-3024.