ஓடும் மகளிரும் ஊர் வழியும்

நம் கல்லூரி மைதானத்து ஓட்டப்பாதை ஒரு சுற்றுக்கு 400 மீட்டர் நீளமுடையது. அதனை 53 முறை சுற்றுவார் அரை மராத்தான் எனப்படும் 21 கிலோமீட்டர்த் தொலைவைக் கடந்தவராவர். சென்ற ஆண்டு நம் விடுதி மாணவியர் இருவர் அங்ஙனமே சுற்றிச் சுற்றிப் பழகினர். அதே பந்தயத்திற்குப் பழகிய மாணவரோ விடியுமுன் பின்வாயில் வழியே புறப்பட்டு, ஏரிக்கரை ஏறி, அப்பாலுள்ள சிற்றூர்வரை ஓடி, அங்கே ஒரு கடையில் தேநீரும் பருகி மீண்டனர். "நீங்களும் அவ்வழியே சென்றாலென்ன?" என்று யாம் அம்மாணவியரை வினவினோம். அவர்கள் ஒருவரையொருவர் நோக்கி நகைத்தனரேயன்றி விடையொன்றும் கூறவில்லை. எம் வினா எத்துணைப் பேதைமையுடையது என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று.

மகளிர் ஓடுவதற்கு முன்னிருந்தோர் கூறிய தடை வேறு. அவர்தம் உடல் அதனைத் தாங்காது என்றனர். 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் விழாவில் மகளிர்க்கு 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஓடி முடித்தவர் களைத்து வீழ்ந்தனர் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுதவே, அவ்வோட்டம் 1960 வரையில் ஒலிம்பிக்கில் மகளிர்க்கு மறுக்கப்பட்டது. 1967-இல் பாஸ்டன் மராத்தானில் 261 என்னும் எண் தரித்து ஓடிய கேத்ரின் சுவிட்சர் அம்மையாரைப் பந்தய அதிகாரி ஒருவர் நடுவழியிற் பற்றி இழுத்து வெளியேற்ற முயன்றார். அப்பந்தயம் மகளிர்க்கு முறைப்படி திறக்கப்பட்டது 1972-இல். ஒலிம்பிக்கில் மகளிர் மராத்தான் சேர்க்கப்பட்டது 1984-இல். இன்று உடலைக் குறித்து ஐயுறுவார் எவருமிலர். வழிதான் இன்னும் திறந்தபாடில்லை.

அயர்லாந்து நாட்டின் நடுவே டல்லமோர் என்றோர் ஊர் உண்டு. அதனை ஒட்டிக் கிராண்ட் கால்வாய் செல்கின்றது. 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், 23 வயதுடைய ஆரம்பப்பள்ளி ஆசிரியை ஒருவர், பள்ளி முடிந்த பின்னர், அக்கால்வாய்க் கரையில் உடற்பயிற்சிக்கெனச் சென்றார். பிடில் வாசிப்பதில் வல்லவர், இசைக் குடும்பத்தவர். ஊரார் நாள்தோறும் நடந்தும் ஓடியும் பழகிய வழி அது. அங்கே முன்பின் அறியாத ஒருவனால் அவர் கொலையுண்டார். அவன் 2023 நவம்பரில் குற்றவாளியெனத் தீர்க்கப்பெற்று ஆயுட்சிறை அடைந்தான். அப்பெண்மணியின் பெயரை உலகம் அறியும். அன்னார் குடும்பத்தின் துயர் கருதி யாம் ஈண்டு அதனைக் கூறாது விடுகின்றோம்.

இங்ஙனமான செய்தி வந்தவுடன் நம்மிற் பலர் செய்வது யாது? இறந்தவள் எங்கே பிழைத்தாள் என்று தேடுகின்றோம். இருளிற் சென்றாளோ? ஆளரவமற்ற இடத்திற் சென்றாளோ? டல்லமோரில் இத்தேட்டம் பலிக்கவில்லை. பொழுது பகல், வழி ஊர்வழி. பெரியோர் சொல்லும் எச்சரிக்கைகளுள் அவர் மீறியது ஒன்றேனும் இல்லை. அதனாற்போலும் அந்நாட்டில் பல்லாயிரவர் விளக்கேந்திக் கூடியபோது, "அவர் ஓடத்தான் சென்றார்" என்னும் சொல் எங்கும் எழுந்தது. உருக்கமான சொல்லே. ஆயினும் அதனுள் ஒரு முள் உண்டு. நள்ளிரவில் விருந்தொன்றினின்று தனியே மீண்டிருப்பாராயின் அவர் இறப்பு ஒரு சிறிதேனும் தக்கதாயிருக்குமோ? இவ்வையத்தை அயர்லாந்து மகளிர் சிலரே அப்பொழுது எழுப்பினர். அவர்கள் எழுப்பியது நன்றென்றே கருதுகின்றோம்.

நிற்க. எச்சரிக்கை வேண்டா என்று யாம் கூறுகின்றோமில்லை. செல்லும் வழியையும் மீளும் நேரத்தையும் ஒருவர்க்கேனும் சொல்லிச் செல்லுதல் நன்று. ஆடவர்க்கும் அது நன்றே. ஒரே வழியில் ஒரே நேரத்தில் நாள்தோறும் செல்லாமையும், வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓடுதலும், இரு செவிகளையும் இசைக்கருவியால் அடைத்துக் கொள்ளாமையும் அறிவுடைச் செயல்களாம். 112 என்னும் எண்ணும் மகளிர் உதவிக்கான 181 என்னும் எண்ணும் கைப்பேசியிலன்றி நினைவிலும் இருத்தல் வேண்டும். பலர் அறியாததொன்றும் உண்டு. ஓடிய வழியைப் படமாக வரைந்து நண்பர்க்குக் காட்டும் ஸ்ட்ராவா போன்ற செயலிகள், நாம் எவ்வாயிலினின்று எம்மணிக்குப் புறப்படுகின்றோம் என்பதையும் அயலார்க்குக் காட்டிவிடும். 2017-இல் அந்நிறுவனம் வெளியிட்ட உலகப் படத்தால், படைவீரர் ஓடிப் பழகிய இரகசியப் பாசறைகளின் வடிவமே வெளிப்பட்டுப் பெரும் பரபரப்பு உண்டாயிற்று. பாசறையைக் காட்டிய படம் ஒரு பெண்ணின் வீட்டு வாயிலைக் காட்டாதோ? வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதி அச்செயலியிலேயே உள்ளது. அதனை இன்றே அமைத்துக் கொள்க.

ஆயின், இவையனைத்தையும் கடைப்பிடித்து ஒருத்தி புறப்படும்போது ஓட்டத்தின் இன்பத்திற் பாதி போய்விடுகின்றது. தனித்தோடுவார் தேடுவது யாது? ஒருவர்க்கும் விடைகூறாத அரைமணி நேரம். அதனைக் கணக்குப் பார்த்துக்கொண்டு நுகர முடியாது. "தோழியை உடன்கொண்டு செல்க" என்று அறிவுரை கூறுவோர் இவ்விழப்பைக் கருதுவதேயில்லை. தோழிக்கும் அன்று தேர்வு இருக்கலாம்!

மேலும், கொலை அரிதினும் அரிது. நாள்தோறும் நிகழ்வது வேறு. இங்கிலாந்தில் மான்செஸ்டர், மெர்சிசைடு வட்டாரங்களில் ஓடும் மகளிர் 498 பேரை வினவி, மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தார் 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அவருள் நூற்றுக்கு 68 பேர் ஓடுங்கால் ஏதேனும் ஒரு வகையில் துன்புறுத்தப்பட்டவர். காவலர்க்கு அறிவித்தவரோ நூற்றுக்கு ஐவரே. வண்டியிலிருந்து கூவுதல், இழிசொல் வீசுதல், பின்தொடர்தல் முதலியனவே அவற்றுட் பெரும்பாலன. "இது ஒரு சொல்தானே" என்று கேட்போர், பின்வரும் வண்டி விரைவு குறைவதைத் தனிவழியில் ஒருமுறை கேட்டிருப்பாராயின் அங்ஙனம் கூறார். அடுத்து வருவது சொல்லோ செயலோ என்று ஓடுபவர் அறியார் அன்றோ?

சட்டம் இல்லாமலில்லை. நம் தமிழ்நாட்டிலேயே, 1998-இல் சென்னைத் தெருவொன்றில் கல்லூரி மாணவி ஒருவர் ஆடவர் சிலரின் சேட்டையால் உயிர்துறந்த பின்னர்த் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு பின்தொடர்தலையும், 79-ஆம் பிரிவு பெண்ணின் மானத்தைப் பழிக்கும் சொல்லையும் சைகையையும் குற்றமெனக் கூறுகின்றன. குறை சட்டத்தில் அன்று. அதனை எவர்மேற் செலுத்துவது என்னும் மனப்பான்மையில் உள்ளது. 1977-இல் வட இங்கிலாந்தில் மகளிரைத் தொடர்ந்து கொன்றுவந்த ஒருவனைப் பிடிக்க இயலாத காவலர், இரவில் வெளிவாராதிருக்குமாறு மகளிர்க்கே உரைத்தனர். அதற்கு விடையாக லீட்ஸ் முதலிய நகரங்களில் அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள் இரவில் மகளிர் அணிவகுத்து நடந்தனர். 2025-இலோ அந்நாட்டுச் சர்ரே வட்டாரத்துப் பெண்காவலர் தாமே ஓட்ட உடை அணிந்து வீதியில் ஓடினர்; அவரை நோக்கிக் கூவியவரைச் சற்று அப்பால் நின்ற காவலர் தடுத்து நிறுத்தினர். அம்முயற்சியில் சில வாரங்களுள் 18 கைதுகள் நிகழ்ந்தன. பொறுப்பு எப்பக்கம் இருத்தல் வேண்டுமென்பதை அவர்கள் அறிந்துகொள்ள ஏறக்குறைய ஐம்பதாண்டு சென்றது.

வீட்டிலிருத்தலே காவல் என்பார்க்கு ஒரு செய்தி கூறுவோம். 2023-இல் உலகெங்கும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 85,000 பேர். அவருள் ஏறத்தாழ 51,100 பேர் கணவர், காதலர் அல்லது குடும்பத்தார் கையால் இறந்தவர் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு. ஏரிக்கரையை அஞ்சுவார் அடுக்களையையும் அஞ்சுதல் வேண்டும் போலும்!

அச்சத்தின் பெயரால் இழைக்கப்படும் வேறொரு தீங்கும் உண்டு. 1989 ஏப்ரலில் நியூயார்க்கு நகரத்துச் சென்ட்ரல் பார்க்கில் இரவில் தனியே ஓடிய பெண்மணி ஒருவர் கொடுமைக்கு ஆளானார். நகரம் கொதித்தது. 14 முதல் 16 வயதுடைய ஐந்து இளைஞர், கறுப்பரும் லத்தீன் அமெரிக்க வழியினரும், சிறையிடப்பட்டனர். உண்மைக் குற்றவாளி வேறொருவன் என்பது வெளிப்பட்டு 2002-இல் அவர்கள் குற்றம் நீக்கப்பெற்றனர், இளமை மீளவில்லை. டல்லமோரிலும் முதலிற் பிடிக்கப்பட்டவர் குற்றமற்றவரே. ஆதலின், "வெளியூரார் புகுந்துவிட்டனர்", "அத்தெருவார் செய்கை" என்றெல்லாம் ஆராயாது கூறும் பேச்சில் எமக்கு நம்பிக்கையில்லை. அது மகளிர்க்குக் காவலாவதுமில்லை.

இனி ஆடவர்க்கு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில் யாம் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தோம். முன்னே ஒரு பெண்மணி ஓடினார். எம் காலடியோசை நெருங்கவே, அவர் நின்று, குனிந்து, காலணியின் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். அவர் கண்கள் கயிற்றில் இல்லை, எம்மேல் இருந்தன. யாம் கடந்து நெடுந்தூரம் சென்ற பின்னரே அவர் மீண்டும் ஓடினார். எம்மையும் ஐயுறுவதோ என்று அன்று சினந்தோம். வீடு சேர்ந்து உரைத்தபோது எம் இல்லாள், "கயிற்றை நானும் அப்படித்தான் கட்டுவேன்" என்றார். அதுமுதல், முன்னே தனியே ஒரு பெண் செல்வாராயின், தொலைவிலேயே வழியின் மறுபுறம் சென்றுவிடுகின்றோம். கடக்க நேரின் "வலப்புறம் வருகின்றேன்" என்று உரக்கச் சொல்லிக் கடக்கின்றோம். எமக்கு இதனால் நேர்ந்த இழப்பு பத்தடி தூரமே. கூவுகின்ற தோழனை அவ்விடத்திலேயே "நிறுத்தடா" என்று சொல்லுதல் இதனினும் கடினம். நம் மாணவர் அதனைச் செய்வரேல் காவலர் பணியிற் பாதி குறையும்.

கல்லூரி ஆட்சியாளர் செய்யத்தக்கனவும் உள. பின்வாயிலினின்று ஏரிக்கரைவரை உள்ள மின்விளக்குகளுள் மூன்று நெடுநாளாக எரியவில்லை. விடுதி வாயில் மாணவர்க்கு 5 மணிக்கும் மாணவியர்க்கு 6 மணிக்கும் திறக்கப்படுகின்றது. கோடையில் 6 மணிக்குப் பின் வெயில் ஏறத் தொடங்கிவிடும். இவ்விரண்டையும் மாற்றப் பெரும்பொருள் வேண்டா. அம்மாணவியர் இருவரும் இவ்வாண்டும் பந்தயத்திற்குப் பெயர் கொடுத்துள்ளனர். சுற்றுக்கணக்கு மறவாதிருக்க, ஓட்டப்பாதை ஓரத்தில் 53 கூழாங்கற்களைக் குவித்துவைத்துச் சுற்றுக்கொன்றாக எடுத்து மறுபுறம் போடுகின்றனர். நேற்று மாலையும் அக்குவியல் அங்கிருக்கக் கண்டோம்.