காஸாவுக்காக வீதிக்கு வருவோம், கல்லைத் தொட மாட்டோம்

 

காஸாவைப் பற்றிப் பேசும் போதெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி வருகிறது. மாணவர்களும் கேட்கிறார்கள், சக ஆசிரியர்களும் கேட்கிறார்கள்: "ஆர்ப்பாட்டம் செய்து என்ன கிடைத்தது சேர்?"

நியாயமான கேள்விதான். 2024 ஜனவரி 29 ஆம் திகதி காஸா நகரில் ஹிந்த் ரஜப் என்ற சிறுமி, உறவினர்களின் உடல்கள் கிடந்த காருக்குள் இருந்து மணிக்கணக்காகத் தொலைபேசியில் உதவி கேட்டாள். எங்கள் பாடசாலைகளில் தரம் ஒன்றில் சேரும் வயது. மீட்கப் போன அம்புலன்ஸ் ஊழியர்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகுதான் அவளது உடல் கிடைத்தது. 2025 ஜூலை முடியும்போது காஸாவில் கொல்லப்பட்டோர் தொகை 60,000 ஐத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சு அறிவித்தது. இதைக் கேட்டு இரத்தம் கொதிப்பது இயல்பு. அந்தக் கோபத்தை எப்படிக் காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"அமைதியாகப் போனவர்களையும் சுட்டார்களே" என்பார்கள். உண்மை. 2018 மார்ச் 30 இல் காஸா எல்லை வேலியருகே தொடங்கிய பேரணிகளில், அந்த ஆண்டு முடிவதற்குள் 189 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. விசாரணைக் குழு பதிவு செய்தது. அவர்களில் 35 பேர் சிறுவர்கள். அமைதிப் போராட்டம் உயிருக்கு உத்தரவாதம் தரும் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் மேற்குக் கரையில் பில்ஈன் என்றொரு சிறிய கிராமம் இருக்கிறது. தங்கள் நிலத்தைப் பிரித்த தடுப்பு வேலிக்கு எதிராக 2005 முதல் அந்த மக்கள் வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் ஊர்வலம் போனார்கள். இஸ்ரேலியர்களே சிலர் கூட வந்து நின்றார்கள். கண்ணீர்ப்புகை, கைது, உயிரிழப்பு எல்லாம் வந்தது. 2007 இல் இஸ்ரேலிய உயர் நீதிமன்றமே வேலியின் பாதையை மாற்ற உத்தரவிட்டது. 2011 இல் வேலி நகர்ந்தது, நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. முழு வெற்றி இல்லை. ஆனாலும் வெறுங்கையோடு நின்றவர்கள் பெற்றது.

போரில் பொதுமக்களுக்கு இருக்கும் ஒரே கேடயம், அவர்கள் ஆயுதம் எடுக்காதவர்கள் என்பதே. போரில் பெண்களையும் சிறுவர்களையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். 1949 இன் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையும் பொதுமக்களைக் காக்கவே எழுதப்பட்டது. அந்தக் கோட்டுக்காகப் போராடும் நாமே அதைத் தாண்டினால் யார் நம் பேச்சைக் கேட்பார்கள்? 2023 ஒக்டோபர் 7 இல் இஸ்ரேலில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 1,200 பேரில் பெரும்பாலோர் பொதுமக்கள். அதைச் சொல்வதால் காஸாவின் நியாயம் குறைந்துவிடாது.

நம் நாட்டுக்கு இது தெரியாத பாடமல்ல. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2009 இல் முள்ளிவாய்க்காலில் குழந்தைகளோடு குடும்பங்கள் அழிந்தன. ஒன்றுக்கு அழுது மற்றதற்கு மௌனம் காத்தால், காஸாவுக்கான நம் கண்ணீரையும் உலகம் சந்தேகிக்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமை வீதிக்கு இறங்குவோம். பதாகைகள் மூன்று மொழியிலும் இருக்கட்டும். ஒரு பொருளை வாங்காமல் விடுவது நம் உரிமை, ஆனால் அதை விற்கும் கடைக்காரரை மிரட்டுவது உரிமையல்ல. யூதர் என்பதற்காக எவரையும் ஏசும் கோஷம் வேண்டாம். அறுகம்பைக்கு வரும் பயணி மீது கை வைப்பது காஸாவின் ஒரு குழந்தையையும் காப்பாற்றாது, நம் பிள்ளைகளைத்தான் சிறைக்கு அனுப்பும். 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டபோது, பிற சமூகத்தவரும் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். அவர் கையில் கல் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா?

அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒவ்வொரு உயிருக்கும் அல்லாஹ் நீதி வழங்குவானாக.