அமெரிக்கச் சிற்றூரில் குடும்பம்: வீட்டு விலைக்கு முன் பார்க்க வேண்டியவை



அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பணிபுரியும் நம் சமுதாயக் குடும்பங்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. சிகாகோ போன்ற பெருநகரத்தின் நெரிசலை விட்டு, அயோவாவிலோ இந்தியானாவிலோ மிசௌரியிலோ உள்ள ஒரு சிற்றூரில் குடியேறிப் பிள்ளைகளை வளர்க்கலாமா என்பதே அது. வீட்டு விலை குறைவு, அலுவலகம் பத்து நிமிடத் தொலைவு, பிள்ளைகள் தெருவில் மிதிவண்டி ஓட்டலாம், தந்தை மாலை உணவுக்கு வீட்டில் இருப்பார் என்று அவர்கள் காரணங்களை அடுக்குகிறார்கள். இவை அற்பமான காரணங்கள் அல்ல. மக்ரிபுக்கு முன் வீடு திரும்பும் தந்தை பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரும் நிஃமத் ஆவார்.

ஆயினும் இந்தக் கணக்கில் தீன் எந்த இடத்தில் வருகிறது என்பதை நாம் கேட்டாக வேண்டும். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் குடும்பத்தைப் பயிர் விளையாத பள்ளத்தாக்கில் குடியமர்த்தியபோது, அவர்கள் தொழுகையை நிலைநாட்ட வேண்டும் என்பதையே முதலில் முன்வைத்தார்கள். கனிகளும் மக்களின் அன்பும் அதன் பின்னரே வேண்டப்பட்டன. நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்தின் முடிவில் குபாவில் தங்கிய சில நாட்களிலேயே அங்கு ஒரு பள்ளிவாசல் எழுந்தது. குடியேற்றத்தில் எதற்கு முதலிடம் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றன.

இரண்டு ஊர்கள், இரண்டு முடிவுகள்

நடுமேற்கில் முஸ்லிம்கள் குடியேறுவது இன்று தொடங்கியது அன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அங்கே நிலம் உழுதார்கள். மூட்டை சுமந்து பண்ணை பண்ணையாகப் பொருள் விற்றார்கள். வட டகோட்டா மாநிலத்தின் ராஸ் என்னும் சிற்றூரில் அத்தகைய விவசாயிகள் 1929-ஆம் ஆண்டு ஒரு பள்ளிவாசலைக் கட்டினார்கள். பாதி நிலத்துக்குள் அமைந்த எளிய கட்டடம் அது. வறட்சியும் பொருளாதார நெருக்கடியும் வந்தன. பலர் ஊரை விட்டுப் பெயர்ந்தார்கள். அடுத்த தலைமுறையினர் சுற்றியிருந்த சமூகத்தோடு கலந்து கரைந்தார்கள். தொழுவோர் குறைந்து, 1970-களில் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. கப்ருஸ்தான் மட்டும் எஞ்சியது. பின்னர் 2005-இல் அவ்விடத்தில் நினைவாகச் சிறு பள்ளிவாசல் ஒன்று எழுப்பப்பட்டது.

அதே காலத்தில் அயோவாவின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் வேறொரு வரலாறு நிகழ்ந்தது. கடும் பொருளாதார நெருக்கடியின் நடுவில், 1934-இல், அங்கிருந்த சில குடும்பங்கள் ஒரு பள்ளிவாசலைத் திறந்தன. 'அமெரிக்காவின் தாய்ப் பள்ளிவாசல்' என்று அழைக்கப்படும் அது, அந்நாட்டில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்டு இன்றும் நிலைத்திருப்பவற்றுள் மிகப் பழமையானது. அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 1940-களின் இறுதியில் முஸ்லிம்களுக்கெனத் தனிக் கப்ருஸ்தான் அமைத்தார்கள். 1952-இல் வட அமெரிக்க முஸ்லிம்களின் மாநாட்டைத் தம் ஊரிலேயே கூட்டினார்கள். 1970-களின் தொடக்கத்தில் பெரியதொரு இஸ்லாமிய மையத்தைக் கட்டினார்கள்.

இரண்டு ஊராரும் ஈமான் கொண்டவர்களே. இரண்டு ஊராரும் உழைத்தவர்களே. ராஸ் மக்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். சீடர் ராப்பிட்ஸில் தொழிற்சாலைகளும் கடைகளும் இருந்தன. புதியவர்கள் தொடர்ந்து வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் பிழைக்க வழி அங்கேயே இருந்தது. சிதறிய பண்ணைகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. மந்தையைப் பிரிந்த ஆட்டை ஓநாய் கவ்வும் என்ற நபிமொழி எச்சரிக்கையின் பொருளை இந்த வரலாற்றில் நாம் காண்கிறோம். ஊர் சிறியதாக இருக்கலாம். ஜமாஅத் இல்லாத ஊராக இருக்கக் கூடாது.

முதலில் விசாரிக்க வேண்டியவை

ஆகவே, வீடு பார்க்கும் முன் சில செய்திகளை விசாரித்தறிவது கடமை. பள்ளிவாசல் எத்தனை மைல் என்று கேட்பது போதாது. சனவரி மாதப் பனியில் எத்தனை நிமிடம் என்று கேட்க வேண்டும். அங்கு ஜும்ஆ மட்டும் நடக்கிறதா, ஐவேளை ஜமாஅத்தும் உண்டா? வார இறுதி மக்தப் உண்டா? நம் பிள்ளையின் வயதையொத்த பிள்ளைகள் எத்தனை பேர்? மவ்த் நேர்ந்தால் குளிப்பாட்டவும் கஃபனிடவும் தெரிந்தவர் யார்? அடக்க இடம் எங்கே? இக்கடைசிக் கேள்வியை இளம் தம்பதியர் எவரும் கேட்பதில்லை. ஓர் ஊரில் நிலைத்து வாழ எண்ணுவோர் அங்கே அடங்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

நேரக் கணக்கையும் பாருங்கள். அப்பகுதியின் பல ஊர்களில் திசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். லுஹர், அஸர், மக்ரிப் ஆகிய மூன்றும் பள்ளிக்கூட, அலுவலக நேரத்தை ஒட்டியே வரும். கோடையிலோ இஷா இரவு பத்து மணியைக் கடந்துவிடும். பத்து வயதுச் சிறுவனைத் தொழுகைக்குப் பழக்கும் பெற்றோர் இதை முன்கூட்டியே எண்ணித் திட்டமிட வேண்டும்.

ஹலால் உணவைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். இது தீர்க்கக்கூடிய சிக்கலே. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து விவசாயியிடம் ஆடு வாங்கி அறுத்துப் பங்கிட்டு உறைபெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். சிகாகோவுக்குச் செல்பவர் அனைவருக்கும் சேர்த்து வாங்கி வருகிறார். இந்தப் பங்கீடே குடும்பங்களை ஒன்றிணைத்துவிடுகிறது.

பள்ளிக்கூடமும் தாயும்

அந்நாட்டு அரசுப் பள்ளிகள் வழிபாட்டை நடத்தக் கூடாது என உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்திலேயே தீர்ப்பளித்துள்ளது. அதே வேளையில் ஒரு மாணவர் தம் ஓய்வு நேரத்தில் தாமாகத் தொழுவதற்குத் தடை இல்லை. பெற்றோர் தலைமையாசிரியரைப் பணிவுடன் சந்தித்து ஓர் அமைதியான அறை கேட்டால், பெரும்பாலும் வழி பிறக்கும். ஆனால் வகுப்பில் ஒரே முஸ்லிம் பிள்ளையாக இருப்பதன் பாரத்தை எந்தச் சட்டமும் இறக்கி வைக்காது. அதை இறக்குவது ஞாயிற்றுக்கிழமை மக்தபில் சந்திக்கும் நான்கு நண்பர்களே.

தாயின் நிலையை நாம் மறந்துவிடுகிறோம். கணவரின் பணி விசாவைச் சார்ந்து செல்லும் பெண்களில் பலருக்கு உடனே வேலை செய்ய அனுமதி கிடைப்பதில்லை. சிற்றூரில் பேருந்தும் அரிது. கார் ஓட்டக் கற்றிராத பெண்ணுக்கு அந்த விசாலமான வீடு நான்கு சுவர்களாகச் சுருங்கிவிடும். எனவே வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன், மனைவிக்கு ஓட்டுநர் உரிமம் பெற்றுத் தாருங்கள். முடிவெடுக்கும்போது அவருடைய ஒப்புதலைக் கேளுங்கள். வெறும் தகவலாக அறிவிக்காதீர்கள். குடும்பத்தின் ஷூராவில் அவரும் ஓர் உறுப்பினர்.

மூன்றாண்டு விருந்தாளிகள்

மருத்துவர்கள் சிலருக்கு இது தேர்வே அன்று. பரிமாற்ற விசாவில் பயிற்சி பெற்றவர்கள் நாடு திரும்பும் விதியிலிருந்து விலக்குப் பெற, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டுகள் பணியாற்ற வேண்டியுள்ளது. பொறியாளருக்கோ வேறு நெருக்கடி: பணி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், பொதுவாக அறுபது நாட்களுக்குள் வேறு வழி தேட வேண்டும். ஒரே பெரிய நிறுவனத்தை நம்பியிருக்கும் ஊரில் இது எளிதன்று. இதை எண்ணிப் பார்த்த பின்பே வீட்டுக் கடனைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் ஆலிம்களிடம் கேளுங்கள்.

ஆனால் மூன்றாண்டே என்றாலும் விருந்தாளியாக வாழாதீர்கள். பெருநகரப் பள்ளிவாசலில் நாம் வராவிட்டால் எவருக்கும் தெரியாது. பதினைந்து பேர் தொழும் இடத்தில் ஒருவர் வராவிட்டால் வரிசையே குறையும். அங்கே இமாமுக்கு உதவுபவர், பிள்ளைகளுக்கு அலிஃப் பா கற்பிப்பவர், வாசலில் பனி அள்ளுபவர் எல்லாம் நாமாகவே இருக்க நேரும். அந்த வரிசையில் சோமாலியரும் போஸ்னியரும் அரபியரும் நிற்பார்கள். கை கட்டும் முறையிலும் ஆமீன் சொல்லும் முறையிலும் வேறுபாடு இருக்கும். மத்ஹப் வேறுபாட்டைச் சண்டையின்றி விளங்கிக்கொள்ளும் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே கிடைப்பதை நாம் நன்மையாகவே கருதுகிறோம்.

அண்டை வீட்டார்

வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்பது அறபுப் பழமொழி. மிசௌரியின் ஜாப்ளின் நகரில் 2012-ஆம் ஆண்டு பள்ளிவாசல் எரிக்கப்பட்டது. அச்சம் ஆதாரமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அதே நகரில் பிற சமயத்தார் முஸ்லிம்களுடன் துணை நின்றதும், அங்கு மீண்டும் பள்ளிவாசல் எழுந்ததும் அந்த வரலாற்றின் பகுதிகளே. அண்டை வீட்டாருக்கு உரிமை உண்டு. அவர் முஸ்லிமாக இல்லாவிட்டாலும் உண்டு. பெருநாளில் ஒரு தட்டு பிரியாணியும், பனிக்காலத்தில் அவர் வாசலையும் சேர்த்துச் சுத்தம் செய்யும் கையும் பல உரைகளைவிட அதிகம் பேசும்.

நம் கருத்து இதுதான்: தொழுகை வரிசையும் மக்தபும் எட்டும் தொலைவில் இருக்குமானால், அல்லது அவற்றை உருவாக்கும் உறுதி நான்கு குடும்பங்களுக்கேனும் இருக்குமானால், சிற்றூர் பிள்ளை வளர்ப்புக்கு நல்ல நிலமே. இரண்டும் இல்லையெனில், எவ்வளவு மலிவான வீடும் நமக்கு விலை அதிகம். இஸ்திகாராத் தொழுது, அங்கு ஏற்கெனவே வாழ்பவர்களைக் கலந்து, இயன்றால் ஒரு ரமளானின் சில நாட்களை அங்கே கழித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

நம் சந்ததிகளைத் தொழுகையை நிலைநாட்டுவோராக, அவர்கள் எந்த ஊரில் வாழ்ந்தாலும், வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.