நாய்க்குட்டி ஒரு லயபிலிட்டிதான். அதனால்தான் தத்தெடுக்கச் சொல்றேன்



ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, சம்பளத்தைச் சத்தமில்லாம சாப்பிடும் அஞ்சு செலவுகள் பற்றி நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதில் நாலாவது, நாய். மாசம் 3,000 ரூபாயை நாய்க்குச் செலவழிக்காம எஸ்ஐபி-யில் போட்டு, 12 சதவீத வருமானம் வந்தா, 12 வருஷத்தில் சுமார் 9.6 லட்சம். ஆகவே நாய் சொத்து இல்லை, லயபிலிட்டி. இப்படிப் பேசி முடிச்சேன். நல்லா ஓடின வீடியோ.

சில மாசம் கழிச்சு ஒரு தம்பி மெயில் பண்ணியிருந்தார். முதல் வேலை, நண்பர்களோட வாடகை வீடு. ஆசைப்பட்டு ஒரு குட்டியை எடுத்து மூணு வாரம் வளர்த்திருக்கார். "உங்க வீடியோ பார்த்தேன் அண்ணா. நேத்து ராத்திரி ஒரு காப்பகத்து கேட் முன்னாடி விட்டுட்டு வந்துட்டேன். ஒரு லயபிலிட்டி குறைஞ்சுது, தேங்க்ஸ்." தடுப்பூசி போட்டீங்களா என்று பதில் எழுதிக் கேட்டேன். போடலை. மனசு கேட்காம பத்து நாள் கழிச்சு அவரே போய் விசாரிச்சிருக்கார். பார்வோ வந்து குட்டி இறந்துபோச்சு.

அந்த வீடியோவில் இருந்து நாய்ப் பகுதியை எடுத்துட்டேன். ஆனா நான் சொன்னதில் எது தப்பு, எது சரி என்று இதுவரை எங்கேயும் சொல்லலை. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

வார்த்தை சரி, அர்த்தம் தப்பு

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியலைத் தமிழில் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அசெட் என்றால் சொத்து, லயபிலிட்டி என்றால் பொறுப்பு. ஏற்கெனவே நடந்துவிட்ட ஒரு விஷயத்தால் நீங்க நிறைவேற்றியே ஆக வேண்டிய கடமைதான் பொறுப்பு. வேண்டாம்னு தோணின நாளில் அதை அடிச்சு எழுத முடியாது. பெர்சனல் லோன் வாங்கிட்டு, மனசு மாறிடுச்சுன்னு பேங்க் வாசலில் ஃபைலை வெச்சுட்டு வந்தா விடுவாங்களா?

நாய்க்குட்டி அந்த அர்த்தத்தில் லயபிலிட்டிதான். நான் அதைத் தண்டச்செலவு என்ற அர்த்தத்தில் சொன்னேன். அதுதான் தப்பு. எஸ்ஐபி கணக்கும் அப்படித்தான். வார இறுதி பிரியாணியை, அம்மாவைக் கூட்டிட்டுப் போற ஊர்ப் பயணத்தை எஸ்ஐபி-யாக மாற்றிக் காட்டினாலும் லட்சங்களில்தான் வரும். எதுக்காகச் சம்பாதிக்கிறோமோ, அதையே நஷ்டம் என்று காட்டுற கணக்கு அது. எவ்வளவு வருமானம் வரும் என்று நாயிடம் கேட்கக் கூடாது. 12 வருஷம் இதை நடத்த முடியுமா என்று உங்களைத்தான் கேட்டுக்கணும்.

எங்க வீட்டுக் கணக்கு

அந்த மெயிலுக்கு அப்புறம் நாங்களும் ஒரு காப்பகத்தில் இருந்து ரெண்டரை மாசக் குட்டி ஒன்றைத் தத்தெடுத்தோம். நாட்டு நாய், பேரு மணி. நிதி சேனல் நடத்துறவன் வேற என்ன பேர் வைப்பான்? ஆடிட் ஃபைல் மூலையைக் கடிச்சான், என் ஒரு கால் செருப்புக்குள்ள தலையை வெச்சுத் தூங்கினான். சாயங்காலம் லிஃப்ட் சத்தம் கேட்டதும் கதவுப் பக்கம் வழுக்கிக்கிட்டே ஓடி வருவான். செலவையும் எழுதி வெச்சேன்.

குட்டி இலவசம். முதல் வருஷ ஊசிகள், குடற்புழு மருந்து, டாக்டர் ஃபீஸ் 5,500. கருத்தடை ஆபரேஷன் 6,000. பெல்ட், கிண்ணம், படுக்கை 3,500. ஆக 15,000 ரூபாய் ஒரு தடவைச் செலவு.

மாசாமாசம் சாப்பாடு 2,200, உண்ணி மருந்தும் மற்ற மருந்தும் 600, சில்லறை 200. மொத்தம் 3,000. வருஷத்துக்கு 36,000. ஊருக்குப் போகும்போது போர்டிங்கில் விட, பத்து நாளுக்கு 7,000. ரெண்டாவது வருஷத்தில் இருந்து ஊசிக்கு 2,000 என்று வெச்சிருக்கேன்.

முதல் வருஷம் 58,000, அதுக்கப்புறம் வருஷம் 45,000. விலைவாசி ஏறாது என்று வெச்சாலே 12 வருஷத்துக்கு 5.5 லட்சம். அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, சென்னையில் இருந்தா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போனா வைத்தியச் செலவு குறையும். ஆனா சாப்பாட்டுச் செலவும் உங்க நேரமும் குறையாது.

காசு மிச்சம் என்பதற்காகத் தத்தெடுக்காதீங்க

ஒரு ப்ரீட் குட்டிக்கு 30,000 ரூபாய் கேட்கிறாங்க என்று வெச்சுக்குவோம். 5.5 லட்சத்தில் அது பெரிய தொகை இல்லை. "ஃப்ரீயா கிடைச்சுது" என்று எடுக்கிறவங்கதான் முதல் 5,000 ரூபாய் பில்லிலேயே மனசு உடைஞ்சு போறாங்க.

தத்தெடுக்கச் சொல்றதுக்குக் காரணம் வேற. நீங்க ஒரு குட்டியைக் கூட்டிட்டு வந்தா காப்பகத்தில் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கினா, இன்னொரு ஈற்றுக்கு ஆர்டர் கொடுத்த மாதிரி. சென்னையில் ப்ளூ கிராஸ் 1959-ல் ஆரம்பிச்சது. 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கிட்டாங்க. அத்தனை வருஷம் ஆகியும் காப்பகங்களுக்குக் குட்டிகள் வந்துக்கிட்டேதான் இருக்கு. நம்ம வெயிலுக்கு நாட்டு நாயை விடப் பொருத்தம் ஏது? பனிப் பிரதேசத்து ஹஸ்கியை மே மாசம் ஃபிளாட்டில் வெச்சிருக்கிறவங்களோட ஏசி பில்லைக் கேட்டுப் பாருங்க.

வாங்கியே தீரணும் என்றால், 2017 விதிகள்படி ப்ரீடர் பதிவு பண்ணியிருக்கணும், எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விற்கக் கூடாது. ரெண்டையும் கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா எழுந்து வந்துடுங்க.

மூணு மாசப் பரீட்சை

லோன் எடுக்கும் முன்னாடி அந்த இஎம்ஐ-யைச் சேமிச்சுப் பாருங்கன்னு எப்பவும் சொல்வேன். இங்கேயும் அதேதான்.

ஒன்று, மாசம் 3,750 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்க. அதாவது 45,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தது. மூணு மாசத்தில் 11,250 சேரும். முதல் வருஷ ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் ஏறக்குறைய சரியா இருக்கும். நடுவில் அதில் கை வெச்சீங்கன்னா, இப்போதைக்கு நாய் வேண்டாம்.

ரெண்டு, அந்த மூணு மாசமும் காலையில் ஆறு மணிக்கு எழுந்து அரை மணி நேரம் நடங்க. நாய் இல்லாமலே. நைட் ஷிஃப்ட் முடிச்ச நாளிலும்.

மூணு, ஹவுஸ் ஓனரிடம் வாய்மொழி சம்மதம் போதாது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்க. நாய் வளர்க்கவே கூடாதுன்னு அபார்ட்மென்ட் சங்கம் தடை போட முடியாதுன்னு விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. ஆனா வீட்டுக்காரரோட நீங்க போடுற ஒப்பந்தம் தனி.

நாலு, கல்யாணம், டிரான்ஸ்ஃபர், ஆன்சைட். 25 வயசுக்காரருக்கு அடுத்த 12 வருஷத்தில் இதெல்லாம் வரத்தான் போகுது. அப்போ நாய் யாரோட இருக்கும்? அந்த ஆளிடம் இப்பவே கேட்டு வைங்க.

அஞ்சு, நாயோட பேரில் 25,000 ரூபாய் அவசர நிதி. உங்க சொந்த எமர்ஜென்சி ஃபண்டில் இருந்து எடுக்காம தனியா.

இன்னொன்று. தினம் பத்து மணி நேரம் ஆபீஸ், வீட்டில் யாரும் இல்லை என்றால் ரெண்டு மாசக் குட்டி உங்களுக்குச் சரிவராது. எங்க வீட்டில் பகல் முழுக்க அம்மா இருக்காங்க, அதனாலதான் குட்டி எடுத்தோம். ரெண்டு மூணு வயசு நாயாகக் கேளுங்க. குணம் என்னன்னு முன்கூட்டியே தெரியும், பல சமயம் ஊசியும் கருத்தடையும் முடிஞ்சிருக்கும். எல்லாரும் குட்டியையே தேடுறதால, அதுங்கதான் வருஷக்கணக்கில் காத்துக்கிட்டு இருக்கு.

சென்னையில் இருந்தா மாநகராட்சி உரிமம் எடுத்துடுங்க, கட்டணம் 50 ரூபாய்தான். மைக்ரோசிப்பும் கட்டாயம் ஆயிடுச்சு. உரிமம் இல்லைன்னா அபராதம் 5,000.

விட்டுட்டு வர்றதுக்கு என்ன தண்டனை?

1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, நியாயமான காரணம் இல்லாம விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. படிச்சது சரிதான், ஐம்பது ரூபாய். ஹெல்மெட் போடலைன்னா 1,000. தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த உத்தரவும், தத்தெடுத்த நாய் திரும்பவும் தெருவுக்கு வரக் கூடாது, அது எடுத்தவர் பொறுப்பு என்கிறது. அங்கேயும் அதே வார்த்தை.

இந்த அபராதத்துக்குப் பயந்து யாரும் நாயை வெச்சுக்கப் போறதில்லை. அதனால கணக்கை எடுக்கிறதுக்கு முன்னாடி போடணும். என் வீடியோ அந்தத் தம்பிக்கு எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தது. முன்னாடியே பார்த்திருந்தா, எடுக்காமலே இருந்திருப்பார். அதில் அவமானம் எதுவும் இல்லை.

பரீட்சையில் தேறாதவங்களும் உதவலாம். ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்குப் போய் நாய்களை வாக்கிங் கூட்டிட்டுப் போகலாமான்னு கேளுங்க. சில வாரம் மட்டும் வீட்டில் வெச்சுப் பார்த்துக்க ஆள் தேடுவாங்க, அதையும் செய்யலாம். நன்கொடை கொடுத்தா, வரிக் கழிவுக்கு அங்கீகாரம் உள்ள காப்பகமா பாருங்க. பழைய வரிமுறையில் இருந்தா வரம்புக்குள் பாதித் தொகைக்குக் கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா கழிவு இல்லை. புதிய வரிமுறையில் இந்தக் கழிவே கிடையாது. மணிக்கு வாங்குற கோழிக்கு ரெண்டிலும் கழிவு கிடையாது, அதையும் கேட்டுட்டாங்க.

மணிக்கு இப்போ ஒன்றரை வயசு ஆகப் போகுது. இன்னும் ஒரு பதினோரு வருஷப் பொறுப்பு பாக்கி இருக்கு. மாசம் 3,750 தானா டெபிட் ஆகுது.

மூணு மாசப் பரீட்சையை யாராவது இன்னிக்கு ஆரம்பிக்கிறீங்கன்னா கமென்ட்டில் தேதியைப் போடுங்க. மூணு மாசம் கழிச்சு நானே வந்து கேட்கிறேன்.