மிஷனரிகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியராய்

நம் திருச்சபையில் குருக்களும் கன்னியரும் துறவறம் பூண்டவர்கள். அவர்கள் எத்தனை தொலைவு சென்று மறைப்பணி ஆற்றினாலும், "அம்மா எப்போது வருவாள்?" என்று விடுதி ஜன்னலருகே காத்து நிற்க ஒரு பிள்ளை இல்லை. புராட்டஸ்டன்ட் மிஷனரிகளின் நிலை வேறு. மனைவி மக்களோடு கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சிப் பிள்ளைகளை மலைக்கு அனுப்பினார்கள். கோடைக்கானலில் 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென ஹைகிளார்க் பள்ளி தோன்றியது இப்படித்தான். இன்று அது பல நாட்டுப் பிள்ளைகளும் பயிலும் சர்வதேசப் பள்ளி. சீனாவின் சீஃபூ துறைமுகத்தில் அதற்கு முன்பே, 1881-இல், இத்தகைய பள்ளி ஒன்று ஏற்பட்டிருந்தது.

இங்கெல்லாம் கற்பிப்பது எளிது என்று நினைப்பவர் உண்டு. பக்தியுள்ள குடும்பம், படித்த பெற்றோர், அடக்கமான பிள்ளைகள், வேறென்ன வேண்டும்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வியாபாரி தன் மகளை விடுதியில் விட்டால், அவள் தந்தையிடம் கோபித்துக்கொள்ளலாம். (நம் விடுதி மாணவியருக்கு இது நன்றாகத் தெரியும்!) மிஷனரியின் மகள் யாரிடம் கோபிப்பாள்? அப்பா ஆண்டவரின் வேலையாக அல்லவா போயிருக்கிறார்! அழுதால் ஆண்டவரையே எதிர்ப்பதாகிவிடுமோ என்று அஞ்சி அழாமலிருக்கப் பழகிக்கொள்கிறாள். அதைக் கண்டு "சமர்த்துப் பிள்ளை" என்று ஆசிரியை மகிழ்ந்தால், அதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

தேவ அழைத்தல் வந்தது பெற்றோருக்கு. எட்டு வயதுச் சிறுமியை யாரும் கேட்கவில்லை. "உன் பெற்றோரின் தியாகத்தை நினைத்துப் பார்" என்ற பேச்சை இத்தகைய ஆசிரியர்கள் எடுக்கவே கூடாது என்பேன். அவள் ஏங்கட்டும், கோபிக்கட்டும். அருகில் இருந்தால் போதும்.

"சொந்த ஊர் எது?" என்று கேட்டாலும் இப்பிள்ளைகள் விழிப்பார்கள். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கரை ஆராய்ந்த ரூத் ஹில் யூசிம் என்ற சமூகவியலார், இவர்களைப் போன்றோரை மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்றார். கோடைக்கானலில் வளரும் பிள்ளைக்கு மிசிசிப்பியோடு வைகையும் தெரியவேண்டும், தமிழும் தெரியவேண்டும்.

மாணவியரே, எரிக் லிடெல் என்ற ஓட்டக்காரரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று ஒரு பந்தயத்தையே விட்டுக்கொடுத்து, 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர். அவரும் மிஷனரியின் மகனே. 1902-இல் சீனாவில் பிறந்து, ஆறு வயதில் இங்கிலாந்தில் விடுதியில் விடப்பட்டவர். பின்னர் சீனாவுக்கே ஆசிரியராகத் திரும்பினார். 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தபோது, சீஃபூ பள்ளிப் பிள்ளைகளும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பலருக்குப் பெற்றோர் உடனில்லை. ஆய்வுக்கூடமின்றி அவர்களுக்கு விஞ்ஞானம் கற்பித்தார், விளையாட்டு நடத்தினார், "எரிக் மாமா" ஆனார். ஞாயிறன்று மட்டும் விளையாட்டில் சேரமாட்டார். நடுவர் இல்லாமல் பிள்ளைகள் ஒரு ஞாயிறன்று ஹாக்கி ஆடி அடித்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு நடுவராக மைதானத்தில் நின்றவர் லிடெல்.

அவருடைய மனைவியும் இரு மகள்களும் 1941-இலேயே கனடாவுக்குப் போய்விட்டிருந்தனர். மூன்றாம் மகள் அங்கே பிறந்தாள். அவளைப் பாராமலே 1945 பிப்ரவரியில் அவர் முகாமில் இறந்தார்.