யாருடைய மதிலைக் கட்டப் போகிறோம்?

தியானப் பகுதி: நெகேமியா 2:11-18, 3ஆம் அதிகாரம்



விடுமுறைக் காலம் நெருங்கும்போது நம் வாலிபரில் சிலர் ஒரு விருப்பத்தைச் சபையின் முன் வைக்கிறார்கள். அயல்நாடு ஒன்றுக்குச் சென்று, அவ்விடத்து வாலிபர் குழுவோடு சேர்ந்து, சில வாரங்கள் பள்ளிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ குடிநீர்க் குழாய் பதிக்கவோ வேண்டும் என்கிறார்கள். பெற்றோரோ தயங்குகிறார்கள். "விமானச் சீட்டுக்கான பணத்தை அப்படியே அனுப்பிவைத்தால், அந்த ஊர்க் கொத்தனாருக்கே பல நாள் கூலி ஆகுமே?" என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. சுவர் எழும்புவது மட்டுமே நோக்கமானால், பணத்தை அனுப்புவதே உத்தமம். பணத்தால் சுமந்து செல்ல முடியாத ஒன்றைக் கொண்டுபோகிறவர் மாத்திரம் பயணப்படட்டும் என்பது என் கருத்து.

அந்த ஒன்று எது? 1920ஆம் ஆண்டைப் பாருங்கள். முதலாம் உலகப்போரில் நொறுங்கிப்போன பிரான்சின் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே, எஸ்ன் என்னும் சிற்றூரில், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரசோல் ஒரு சிறு குழுவோடு முகாமிட்டார். வீடிழந்தோருக்குக் குடில்கள் அமைப்பதும் வயல்களைச் சீர்செய்வதும் அவர்கள் வேலை. அக்குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்றுவரை பகைவராயிருந்தவர் இன்று மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்! இதை எந்த மணியார்டரும் செய்துவிட முடியாது. ஜெர்மானியரின் வருகையை ஏற்க அங்கே எல்லாருக்கும் மனம் வரவில்லை. சில மாதங்களில் முகாம் முடிவுக்கு வந்தது. ஆனாலும் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்னும் உலகளாவிய தொண்டு இயக்கம் அந்த வித்திலிருந்தே முளைத்தது.

அதே செரசோல், 1934 ஜனவரி 15இல் பீகாரைக் குலுக்கிய பெரும் பூகம்பத்திற்குப்பின் இந்தியாவுக்கு வந்தார். ராஜேந்திர பிரசாத் போன்ற நம் தலைவர்கள் முன்பே நிவாரணப் பணியில் இறங்கியிருந்தார்கள். வந்தவர் தமக்கென ஒரு தனி ராஜ்யம் அமைக்கவில்லை. இங்கே நடந்துகொண்டிருந்த பணியோடு தம்மை இணைத்துக்கொண்டார்.

நம் தியானப் பகுதியின் நெகேமியாவும் இவ்வழியே நடந்தவர். சூசான் அரண்மனையிலிருந்து அதிகாரக் கடிதங்களோடு வந்தவர் அவர். வந்தவுடன் கட்டளையிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் மூன்று நாள் அமைதியாயிருந்தார். இரவில் சிலரோடு புறப்பட்டு, இடிந்த மதிலைத் தம் கண்ணால் பார்வையிட்டார். அதன்பின்னரே அவ்வூராரைக் கூட்டிப் பேசினார். அப்போதும் 'உங்களுக்காகக் கட்டித்தருகிறேன்' என்று அவர் சொல்லவில்லை. எல்லாருமாய்ச் சேர்ந்து கட்டுவோம் என்றே அழைத்தார்.

மூன்றாம் அதிகாரத்தை நம்மில் பலர் பெயர்களின் நீண்ட பட்டியலாக எண்ணிக் கடந்துவிடுகிறோம். நிதானமாக வாசியுங்கள். ஆசாரியர், தட்டார், தைலக்காரர், வியாபாரிகள், சல்லூமின் குமாரத்திகள் என எத்தனை கைகள்! பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத் தாங்களே பழுதுபார்த்தார்கள். அந்தப் பட்டியலில் சூசானிலிருந்து வந்த நெகேமியாவின் பெயர் இல்லை. 16ஆம் வசனத்தில் வரும் நெகேமியா வேறொருவர். நம்முடைய நெகேமியாவும் அந்த வேலையில் முனைந்திருந்தார் என்பதை ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. உழைத்தார், ஆனால் மதில் அவ்வூராருடையதாகவே இருந்தது. ஐம்பத்திரண்டு நாளில் அது முடிந்தது.

உதவி பெறுகிறவரின் பக்கத்தை அறியாதவர்கள் அல்ல நாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமிக்குப்பின் நாகப்பட்டினத்தில் குவிந்த உதவியில் பேரன்பு இருந்தது. கூடவே, எவரும் உடுக்க முடியாத பழந்துணிகள் மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கிடந்த காட்சியும் இருந்தது. என்ன வேண்டும் என்று கேளாமல் கொடுப்பது, பெறுகிறவருக்கு இன்னொரு சுமையாகிவிடுகிறது.

குழந்தைகளின் காரியத்தில் இது சுமையோடு நிற்பதில்லை, தீங்காகவே முடியும். கம்போடியாவில் 2005 முதல் 2010 வரை அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் உயர்ந்தது. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்ததை யுனிசெஃப் எடுத்துக்காட்டியது. வெளிநாட்டாரின் இரக்கமும் காணிக்கையுமே அந்த இல்லங்கள் பெருகக் காரணமாயின. இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுகிறவரின் அன்பு, அந்தப் பிள்ளைக்கு மீண்டும் ஒரு பிரிவையே விட்டுச்செல்கிறது. ஆகையால் இத்தகைய இல்லங்களுக்கு நம் வாலிபரை அனுப்பலாகாது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

அப்படியானால் எங்கே அனுப்பலாம்? அவ்விடத்து வாலிபரே திட்டமிட்டு, அவர்களே தலைமை தாங்கி, நமக்கு ஓர் அழைப்பும் விடுக்கும் இடத்துக்கு அனுப்பலாம். கூலிக்காரர் செய்யும் வேலையைப் பறிக்காமல், அவரிடத்தில் கைவேலை கற்றுக்கொள்ளும் மனத்தோடு அனுப்பலாம். நாம் கிளம்பி வந்தபின்னும் அந்தப் பணியைத் தொடர அங்கே ஆட்கள் உண்டா என்று கேட்டறிந்து அனுப்பலாம். விசா காரியத்திலும் நேர்மை வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து ஊதியமில்லாத வேலை செய்வதையும் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. ஊழியம் என்ற பெயர் பொய்யான விண்ணப்பத்தைப் பரிசுத்தமாக்கிவிடாது.

லூக்கா பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபதுபேரை அனுப்பியபோது பையும் பணமும் இல்லாமலே அனுப்பினார். முன்வைக்கப்பட்டதைப் புசித்து, ஏற்றுக்கொண்ட வீட்டிலே தங்கவேண்டும் என்றார். அனுப்பப்பட்டவர் முதலில் விருந்தாளி; பிறருடைய தயவில் நிற்கிறவர். கொடுக்கிறவராக மட்டுமே இருந்து பழகியவருக்கு இது கடினமான பாடம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இந்தப் பாடத்துக்கு ஆயத்தமா என்பதை அறிய ஒரு வழி உண்டு. நம் ஆலய வளாகத்தைச் சனிக்கிழமைதோறும் பெருக்கும் மூதாட்டியிடம் போய், "பாட்டி, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு, அவர் சொன்னபடி செய்ய உங்கள் மகனுக்கோ மகளுக்கோ மனம் இருக்கிறதா? இருந்தால் தாராளமாக அனுப்புங்கள், சபையும் தோள்கொடுக்கட்டும். இல்லையென்றால், இவ்வாண்டு அந்தப் பணத்தை அனுப்பிவிட்டு, துடைப்பத்திலிருந்து தொடங்கட்டும்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் மனமகிழ்ச்சியோடு உழைக்கும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.